கால் வேலி நிலமும் நூலகத்துச் சாவியும்

உத்திரமேரூரில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியூரில் யாராவது "நீங்க எந்த ஊர்?" என்று கேட்டால் பேரைச் சொல்லிவிட்டு நிறுத்த மாட்டோம். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தேர்தல் நடத்தின ஊரு" என்று சேர்த்துச் சொல்வோம். ஏதோ நேற்று சாயங்காலம்தான் நாங்களே ஓட்டுப்பெட்டிக்குச் சீல் வைத்துவிட்டு வந்து காபி குடிப்பதுபோல முகத்தில் ஒரு களை வேறு. கோயில் மண்டபத்துச் சுவரில் இருக்கும் அந்தக் கல்வெட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால், உடனே பேச்சை மழைக்கு மாற்றிவிடுவோம்.

எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலையில் இருந்தது. (அம்மாவின் வாக்குமூலம்: "இவ பொறந்தப்பவே மைக்க புடிச்சிக்கினுதான் பொறந்தா.") அது தலைக்கேறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிராமத்தையே நான் தகுதி நீக்கம் செய்த கதை இது. எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பாதி வரைக்கும்.

நூலகராக எனக்கு அதுதான் முதல் வேலை. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் ஏறி, நடுவழியில் இறங்கி, ஏரிக்கரை ஓரமாக நடந்தால் வரும் கிராமம். பேர் வேண்டாம். அங்கே இன்னமும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களையும் இழக்க விருப்பமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறைதான் நூலகம். இரும்பு அலமாரிகள், ஒரு நீள மேசை, போட்டித் தேர்வுப் புத்தகங்கள், சமையல் குறிப்புகள், ஒருவரும் தொடாத கலைக்களஞ்சிய வரிசை (அதில் ஒரு தொகுதி மட்டும் மக்களுக்குப் பயன்பட்டது, ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து), அப்புறம் அட்டை நைந்து நூல் தெரியும் குடும்ப நாவல்கள்.

அந்த நாவல்களை நைய வைத்தவர் எஸ்தர் அக்கா. காலனியில் வீடு. நடவு, களையெடுப்பு, அறுப்பு, அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. நூலகத்தைக் காலையில் திறந்து மதியத்தோடு பூட்டிவிட வேண்டும் என்பது விதி. வேலைக்குப் போகிற ஒருவரும் வர முடியாத நேரமாகப் பார்த்துத் திறக்கும் நூலகம் அது. எஸ்தர் அக்கா மட்டும் நான் பூட்டைக் கையில் எடுக்கும் நேரத்துக்கு மூச்சிரைக்க ஓடி வருவார். சேற்றுக் கையை முந்தானையில் துடைத்து, சுத்தமா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் புத்தகத்தைத் தொடுவார். வேலை நடக்கிற இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்களுக்குக் கதையைப் படித்துக் காட்டுவாராம்.

"மேடம், அந்தப் பொண்ணு புருசன் வூட்டுக்குத் திரும்பிப் போறாளா இல்லியான்னு தெரியாம ஒருத்தியும் களை எடுக்க மாட்டேங்கிறாளுங்க. இன்னொரு பாகம் கீதான்னு பாரு" என்பார்.

இவர் ஓடி வருவதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் ஒருவரிடம் இன்னொரு சாவியைக் கொடுத்துவிட்டால் சாயங்காலத்தில் திறந்து வைக்கலாமே! மேலிடத்தில் கேட்டேன். வாசகர்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சொன்னால் ஆட்சேபணை இல்லை என்றார்கள். "அக்கா, சாவி உங்க கையிலதான்" என்று எஸ்தர் அக்காவிடம் சொன்னேன். மறுநாளே ஒரு சிவப்புக் கயிறு கொண்டு வந்து காட்டினார். சாவியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள.

"இடுப்புல சொருகினா நடவுல வியிந்துடும் மேடம். அதுக்குத்தான்."

விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு கூட்டம், ஒரு தீர்மானம், ஒரு டீ. ஆனால் நான் உத்திரமேரூர்க்காரி ஆயிற்றே.

அந்தச் சமயம் பார்த்து நூலக வார விழா வந்தது. உள்ளூர் வரலாற்றுக் கண்காட்சி நடத்தப் போவதாக அறிவித்து, வீடு வீடாகப் போய்ப் பழைய பொருள்களைச் சேகரித்தேன். மரக்கால், வெண்கலக் கும்பா, ஒரு கல்யாண போட்டோ, முறுக்கு அச்சு. எல்லாவற்றின் மேலும் என் முத்து முத்தான கையெழுத்தில் சீட்டு. எஸ்தர் அக்கா தன் கருக்கறுவாளைக் கொண்டு வந்து கொடுத்தார். அதற்கும் ஒரு சீட்டு: "முற்காலத்தில் பயன்பட்ட அறுவடைக் கருவி."

அவர் அதை எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படித்தார். "முற்காலமா? நேத்து சாங்காலம் இதுலதான மாட்டுக்குப் புல்லு அறுத்தேன்!"

நான் சீட்டை மாற்றவில்லை. (பழையது என்று எழுதினால்தானே கண்காட்சி?)

கண்காட்சிக்கு மகுடமாக நான் வைத்த யோசனைதான் குடவோலை. கல்வெட்டில் இருக்கிற மாதிரியே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. யார் பெயர் வருகிறதோ அவருக்குச் சாவி. வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து வழங்கப்படும். வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் போட்டாகிவிட்டது.

குலுக்கலில் வேறு யார் பெயராவது வந்துவிட்டால்? அதற்கும் வழி செய்திருந்தேன். ஓலைகள் அத்தனையிலும் எஸ்தர் அக்காவின் பெயரையே எழுதி வைத்தேன். ஆமாம், குடவோலை பிறந்த மண்ணில் பிறந்து, குடவோலையில் கள்ள ஓட்டுப் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலக வாசல் நிரம்பிவிட்டது. தலைமை விருந்தினர், அந்த ஊர்க்காரரான சண்முகம் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மைக் செட்டுக்கு என் தம்பி. அவனே போனில் படமும் எடுத்தான். காலனியிலிருந்து எஸ்தர் அக்காவோடு ஒரு கூட்டமே வந்திருந்தது. பண்டிகைக்கு உடுத்தும் புடவைகள், தலை நிறையப் பூ. அவர்களில் பலர் நூலகத்துக்கு வந்ததே அன்றைக்குத்தான். எஸ்தர் அக்கா கையில் சிவப்புக் கயிறு.

விதிகளை ஒரு அழகுக்காகப் படித்துவிட்டுக் குடத்துக்குப் போய்விடலாம் என்பதுதான் திட்டம். கல்வெட்டுப்படி நிற்கிறவர் வேதம் தெரிந்த ஆண்பிள்ளையாக இருக்க வேண்டும். நான் தாராள மனசுக்காரி, "ஆண்" என்பதை அடித்துவிட்டேன். "வேதம் தெரிந்தவர்" என்பதைப் "படிக்கத் தெரிந்தவர்" என்று திருத்திக்கொண்டேன். மற்றதெல்லாம் அப்படியே.

மைக்கில் என் குரலைக் கேட்டதும் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. கணீரென்று ஆரம்பித்தேன். "கால் வேலிக்குக் குறையாத, வரி கட்டுகிற நிலம் சொந்தமாக உள்ளவராக இருக்க வேண்டும்! அதாவது, இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கு மேல்." கூட்டம் அமைதியாகக் கேட்டது. அந்த அமைதி என்னைக் கெடுத்தது. காகிதத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை நானாகச் சேர்த்தேன். "இல்லாதவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கமாக நகர்ந்து நிற்கவும்."

முதலில் நகர்ந்தது காலனிப் பெண்கள். அவர்களுக்கு அது பழகின வாக்கியம் போல. ஒரு கேள்வியும் கேட்காமல் வேப்ப மரத்துப் பக்கம் போனார்கள். எஸ்தர் அக்கா மட்டும் நின்ற இடத்தில் நின்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"மேடம், என்னியுமா?"

நான் சொன்ன பதில் தம்பியின் போனில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. மைக்கில் வேறு சொன்னேன். "அக்கா, கல்வெட்டுல அப்படித்தான் இருக்கு. கொஞ்சம் ஓரமாப் போய் நில்லுங்க. இல்லன்னா வரலாறு கெட்டுடும்."

"அப்ப ஒனக்குக் கால் வேலி நெலம் கீதா, மேடம்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாங்கள் உத்திரமேரூரில் குடியிருந்தது வாடகை வீட்டில். எங்களுக்குச் சொந்தமான மண் என்றால் துளசித் தொட்டியில் இருந்ததுதான். ஆனாலும் நான் அசரவில்லை. "நான் நடத்துறவ அக்கா, நிக்கறவ இல்ல" என்று சாமர்த்தியமாகப் பேசினேன். முன்வரிசையிலிருந்து வேதாசலம் என்பவர், ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம் வைத்திருப்பவர், சத்தமாகச் சொன்னார்: "அதான் கல்லுலயே எய்திகீதே. அப்பறம் இன்னா பேச்சு?"

எஸ்தர் அக்கா போய் மரத்தடியில் நின்றார். நிகழ்ச்சி முடிந்ததும் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். வேதத்தை விட்டுக்கொடுக்கத் தெரிந்த எனக்கு, நிலத்தை விட்டுக்கொடுக்க அந்த நிமிஷம் தோன்றவில்லை.

அடுத்த விதியில் ஊரே கவிழ்ந்தது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்கிறது கல்வெட்டு. இதை நூலகத்துக்குப் பொருத்தி, "அதாவது, எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள்!" என்று விளக்கினேன். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சண்முகம் சாரு தேனீ வளக்கற புக்கு எடுத்துக்கினு போனாரே, குடுத்தாரா?"

சார் எழுந்தார். தலைமை விருந்தினர் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள் என்பதால் எல்லோரும் எழுந்தார்கள். "உண்மைதாம்மா. பொட்டிதான் வாங்கினேன், தேனீ வரல. அது வரட்டும்னு புக்க வச்சிக்கினு கீறேன்" என்றார். பிறகு, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து மரத்தடிக்கு நடந்தார். என் தம்பி போனை நாற்காலியோடு கூடவே திருப்பியிருக்கிறான்.

நான் அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். கையில் இருந்த காகிதத்தில் உறவு முறைகள் பாக்கி இருந்தன. "சித்தி, பெரியம்மா பிள்ளைகள்! அத்தை பிள்ளைகள்! மாமன், மாமனார், மச்சான், மருமகன்!" ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, சண்முகம் சாருக்குச் சித்தி மகனும் மச்சானும் மருமகனும் எழுந்து நடந்தார்கள். அவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே போனார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு. எடுத்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் மறுநாளே திரும்பி வந்துவிடலாம் என்கிற தகுதிக் குறைவுக்கு அப்படிச் சிரிக்கலாம். அதற்கு முன்னாலேயே மரத்தடிக்குப் போனவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் மறுநாள் எதைக் கொண்டு வந்து கொடுப்பார்கள்?

இந்தக் கலவரத்தின் நடுவில் ஒரு அம்மாள் வந்து, "ஏம்மா, என் முறுக்கு அச்சு எங்க? சாங்காலம் சம்பந்தி வராங்க" என்று கண்காட்சியில் ஒரு பகுதியைத் தூக்கிக்கொண்டு போனார்.

முடிவில் நாற்காலியில் மிஞ்சியது வேதாசலம் ஒருவர்தான்.

"நீங்க சாருக்குப் பங்காளி ஆச்சே ஐயா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எவன் சொன்னான்? பாகப்பிரிவினை கேசு நடந்துக்கினு கீது. அவன் எனக்கு ஒறவே இல்ல. எந்தக் கோர்ட்டுல வந்து வேணாலும் சொல்றேன்." புத்தகம் பாக்கியும் இல்லை. நூலகத்துக்குள் அவர் கால் வைத்ததே இல்லையே! நிலம், சொந்த மனையில் வீடு, வயசு, எல்லாம் கல்வெட்டில் அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது.

எழுதாத ஓலை ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவசரத்தில் ஒரு ஓலையைத் திருப்பிப் பின்பக்கம் அவர் பெயரை எழுதிக் குடத்தில் போட்டேன். ஒற்றை ஓலையைக் குலுக்கினால் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம் வந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சின்னப் பெண் கையை விட்டு எடுத்து, மைக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எ... ஸ்... தர்."

மரத்தடியிலிருந்து எஸ்தர் அக்கா ஒரு எட்டு முன்னால் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. சண்முகம் சார் என்னைப் பார்த்து, "அப்டியே உட்டுடும்மா" என்கிற மாதிரி லேசாகத் தலையசைத்தார். தெய்வமாகப் பார்த்துக் கொடுத்த சந்தர்ப்பம் என்பார்களே, அது ஒரு குழந்தையின் கையில் ஓலையாக இருந்தது. எல்லாவற்றையும் அந்த ஒரு நொடியில் சரிசெய்திருக்கலாம்.

"திருப்பிப் படி பாப்பா" என்றார் வேதாசலம்.

நான் குனிந்து, "பின்பக்கம் பாரும்மா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசியதில் எதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், நான் யோசிக்கவே மாட்டேன். அதைத்தான் கேட்பேன்.

கூட்டம் கலைந்ததும் எஸ்தர் அக்கா உள்ளே வந்தார். அழுதுகொண்டு வருவார், அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. பையிலிருந்து அந்த வாரம் எடுத்த நாவலை எடுத்து மேசையில் வைத்தார். பாதியில் மடிப்பு இருந்தது.

"முடிச்சிட்டுக் குடுங்க அக்கா."

"வாணாம் மேடம். கணக்கு காட்டலன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாரு." கண்காட்சி மேசையிலிருந்து கருக்கறுவாளை எடுத்துக்கொண்டார். அதில் ஒட்டியிருந்த என் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்து, கசக்காமல், மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

சாவியைப் பெற்றுக்கொண்ட வேதாசலம் ஒரு சாயங்காலமும் நூலகத்தை வாசகர்களுக்குத் திறக்கவில்லை. தன் யூரியா மூட்டைகளுக்குத் திறந்தார். ஒரு காலையில் கதவைத் திறந்தால், கலைக்களஞ்சியத்துக்கு முன்னால் மூட்டைகள் வாசகர்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கேட்டதற்கு, "மழயில நனையாம இருக்கட்டும்னு வச்சேன். பொஸ்தகத்தத் தின்னுடுமா அது?" என்றார். தேனீ வளர்ப்பு உட்பட பாக்கிப் புத்தகங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டன என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மேலிடத்தில் பாராட்டினார்கள்.

எஸ்தர் அக்கா வரவில்லை. பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் என்னிடம் இருந்த சாவிக்கு இன்னொரு நகல் செய்துகொண்டு காலனிக்குப் போனேன். வீட்டு வாசலில் ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. கழுத்தில் அந்தச் சிவப்புக் கயிறு. உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாவியை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"எனக்கு ஒன்மேல கோவம் இல்ல மேடம், நெசமா. ஆனா எல்லார் முன்னாடியும் இல்லன்னுட்ட. இப்ப வூட்டாண்ட வந்து நைசா குடுத்தா, நான் திருட்டுச் சாவி வச்சிக்கினு கீற மாதிரி ஆவும். குடுக்கறதுன்னா அதே மாதிரி எல்லார் முன்னாடியும் குடு. வந்து வாங்கிக்கிறேன்."

"கண்டிப்பா அக்கா" என்றேன்.

அதற்கு இன்னொரு கூட்டம் போட வேண்டும். வேதாசலத்திடம் சாவியைத் திருப்பிக் கேட்க வேண்டும். மைக்கில் நின்று, நான் பேசியது தப்பு என்று சொல்ல வேண்டும். பொங்கல் போகட்டும் என்று பார்த்தேன், அறுப்பு முடியட்டும் என்று பார்த்தேன், தேர்வு நேரம் கழியட்டும் என்று பார்த்தேன். எது முடிந்தும் என் பயம் முடியவில்லை. பிறகு தாமல் பக்கம் மாற்றல் வந்தது. அன்றைக்கு நிம்மதியாக இருந்தது என்பதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் கடன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டினோம். கிரகப்பிரவேசத்தன்று சாப்பாடு முடிந்ததும், தம்பி அந்த வீடியோவைப் புது டிவியில் போட்டான். அவன் எந்த விசேஷத்திலும் போடாமல் விடுவதில்லை. சண்முகம் சார் நாற்காலியைத் தூக்கும் இடம் வந்ததும் சொந்தபந்தம் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பெண் சிவப்புக் கயிற்றோடு ஒரு எட்டு முன்னால் வைக்கிறார். அப்புறம் பின்னால் வைக்கிறார். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் தம்பி புது வீட்டுச் சாவியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். வழக்கம்போல எஸ்தர் அக்காவின் குரலில் கேட்டான். "அப்ப ஒனக்குக் கால் வேலி நெலம் கீதா, மேடம்?"

கால் வேலி எங்கே, கால் ஏக்கர்கூட இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். ஒருவரும் என்னை ஓரமாகப் போய் நிற்கச் சொல்லவில்லை. எல்லார் முன்னாடியும் சாவியை என் கையில் கொடுத்தார்கள்.